நாலாவது கட்டத்தில் மல்லி

1

இந்தக் கதையின் முதல் வரியை நான் 2007-லேயே எழுதிவிட்டேன். அது ஓர் ஊதுவத்திப் பாக்கெட்டின் மேல் அச்சானது: ‘தூய காற்று உங்கள் பிறப்புரிமை.’

அப்போது சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூருக்குத் தெற்கே ஒரு ரசாயன ஆலை. சுற்றுச்சூழல் தினத்துக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்க, மல்லிகை ஊதுவத்திக்கு உறை அடிக்கச் சொன்னார்கள். வாசகமும் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று நானே இரண்டு முறை படித்துக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் கதையைத் தொடங்கவும் முடியவில்லை.

(காற்று தூய்மையாக இருந்தால் ஊதுவத்தி எதற்கு என்று உங்களுக்கு உடனே தோன்றியிருக்கும். எனக்குத் தோன்ற மூன்று மாதம் ஆனது.)

2

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று, ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி இளவரசுவை எழுதிப் பார்த்தேன். ‘இளவரசு உள்ளுக்குள் சிரித்தபடி பாக்கெட்டை—’

அடித்துவிட்டேன். அவர் உள்ளுக்குள் சிரித்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? குறிஞ்சிப்பாடிக்காரர். வெயிலில் வீடு வீடாகத் தானே பையைத் தூக்கிப்போய்க் கொடுத்தவர். ஏன் சார் ஊதுவத்தி என்று பிற்பாடு கேட்டேன்.

“வேற என்னா சார் குடுக்கறது? போன வருசம் மரக்கன்னு குடுத்தோம், பட்டுப்போச்சி. அவுங்க வூட்லயும் கொஞ்சம் வாசனையா இருக்கட்டுமேன்னுதான்.”

கிண்டலா, கரிசனமா? இன்றுவரை குழப்பமாகவே இருக்கிறது. அதனால் இந்தக் கதையில் வில்லன் நாற்காலி காலி. [யாரையாவது உட்கார வைத்தே தீரவேண்டும் என்றால், வாசகம் எழுதியவனை வைக்கலாம்.]

3

ஆலைக்கு மேற்கே ஊர். அங்கே விருத்தாம்பாள் வீடு. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவளுடைய நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அந்த ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர், ஆலை நாற்றத்தை நோட்டில் குறித்து வந்தார்கள். பக்கத்துக்கு நாலு கட்டம்: தேதி, நேரம், காற்று வரும் திசை, வாசனை. ரசாயனத்தின் பெயர் யாருக்குத் தெரியும்? சமையலறையிலும் கடைத்தெருவிலும் தெரிந்த பெயர்களை எழுதினார்கள். அழுகின முட்டை. நெயில் பாலிஷ். வெந்த முட்டைக்கோசு. ஒரே ஒரு விதி: மூக்குக்குப் பட்டதை மட்டும்தான் எழுதவேண்டும், ஊகித்து எழுதக் கூடாது. ஆறு மாத நோட்டைக் காட்டி ஆலை மேல் நடவடிக்கை கேட்பதாகத் திட்டம்.

விருத்தாம்பாளுக்கு இதில் இருந்த அவசரம், எட்டு வயது மகள் கனிமொழி. சாயங்காலம் கடற்காற்று திரும்பியதும் அந்தப் பெண் தட்டைத் தள்ளிவிடுவாள். வற்புறுத்தி ஊட்டினால் வாந்தி. விலா எலும்பை எண்ணிவிடலாம் என்ற அளவுக்கு இளைத்துவிட்டாள்.

4

இளவரசு கொடுத்துவிட்டுப் போன பாக்கெட்டில் பதினைந்து குச்சி. இரண்டு ஒடிந்திருந்தன. முதல் குச்சி ஏற்றிய அன்று கனிமொழி மூன்று இட்லி தின்றாள். மறுநாளும் ஏற்றினாள் அம்மா. ஆகப் பதிமூன்று மாலை, பதிமூன்று குச்சி. நோட்டில், நாலாவது கட்டத்தில், பதிமூன்று தடவை ‘மல்லி’.

(இங்கே அவளுக்கு அரைப் பக்கம் மனப்போராட்டம் எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அவளுக்கு ஒரு போராட்டமும் இல்லை. மூக்குக்கு மல்லி பட்டது, எழுதினாள்.)

5

செப்டம்பரில் கடலூரில் விசாரணை. கதை கிடைக்கும் என்ற நப்பாசையில் நானும் போயிருந்தேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்த அரசு அதிகாரி ஜூனில் நின்றார். ஆலை ஓடிய நாட்களில் மல்லி எப்படி வந்தது என்று கேட்டார். ஆலை வக்கீலுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் ஊதுவத்தி ஏற்றியதை விருத்தாம்பாள் சொன்னாள். சரி, அதற்குப் பின்னால் வழக்கமான நாற்றம் இருந்ததா என்றார் அதிகாரி.

இந்த இடத்தில் பேனா என் கையில் இருக்கிறது. ஒரு சொல் போதும்.

‘இருந்துச்சி சார், நல்லாவே—’

‘இல்லாம எங்க போவும் சார், கடக்காத்து—’

இரண்டும் அவள் குரல் இல்லை. அவள் சொன்னது இது:

“எனக்கு மல்லிதான் அடிச்சிது சார். அதுக்குப் பின்னாடி என்னா இருந்துச்சின்னு தெரியல. தெரியாதத எப்பிடிச் சொல்றது?”

கூட வந்த பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாற்றம் தொடர்ச்சியாக இல்லை, ஆறு மாதம் கழித்து மறு ஆய்வு என்று முடிந்தது.

ஊதுவத்தியைக் கொடுத்தது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை. ஆலையின் பெயர் போட்ட உறையின் புரூஃப் என் பைக்குள் இருந்தது. ஆலை அச்சகத்தின் பெரிய வாடிக்கையாளர். வேலை போய்விடும் என்று பயந்தேன். மூன்றாவது வரிசையில், பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மறு ஆய்வு வருவதற்குள் விருத்தாம்பாள் மகளைக் கம்மாபுரத்தில் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கனிமொழி இன்னும் அங்கேதான் படிக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாளாம்.

6

இது 2012. போன மாதம் விருத்தாம்பாளிடம் அனுமதி கேட்கப் போனேன். பைக்குள் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கதையில எம்பொண்ணு எங்கூட இருக்கறாளா?”

வேண்டுமானால் இருக்கட்டும் என்றேன்.

“இருக்கட்டும். ஆனா அதுக்காவ மல்லிய மாத்திப்புடாதீங்கண்ணா. அன்னிக்கி மல்லிதான்.”

மல்லியை மாற்றாமல் கனிமொழியை வீட்டிலேயே வைத்துக்கொள்ள எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. விசாரணை அறைக்குத் திரும்பவேண்டும். அவள் தெரியாது என்று சொல்லி முடித்ததும், மூன்றாவது வரிசையில் ஒருவன் பையைத் திறக்கவேண்டும். பத்து தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில் நின்றுவிடுகிறது. உங்களுக்கு அந்த ஆலையிடம் பயம் இல்லை. இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள்.

நான் எழுந்து