பாரோலில் எட்டுப் பங்கு

மற்றவர்கள் படிக்காமல் தாண்டிப்போகிற பக்கங்களைப் படிப்பதுதான் ரொவீனாவுக்கு வேலை. மணிலாவில் எவனாவது புதிதாக ஒரு கணிப்புச் சந்தை திறந்தால் அதன் விதிமுறை நாற்பது பக்கம் இருக்கும். நாற்பதையும் படித்து, எது தேவலை, எது ஆகாது என்று ஓர் இணையதளத்தில் எழுதுவாள். நட்சத்திரம் போடுவாள். ஆசிரியர் டிண்டோ சார் அரை நட்சத்திரம் கூட்டச் சொன்னால் கூட்டமாட்டாள். அந்தப் பெயர் அவளுக்கு உண்டு.

அந்த வாரம் டிண்டோ சார் கேட்டது மூன்று சந்தைகளின் ஒப்பீடு: ஹூலா, திம்பங், பாரோல். மூன்றும் கைப்பேசி விளையாட்டுப் போட்டிகளுக்கானவை. பிடித்த அணியின் பங்கை வாங்கலாம். அணி ஜெயித்தால் பங்குக்கு நூறு பெசோ, தோற்றால் ஒன்றுமில்லை. ஜெயிக்கும் என்று ஊர் நம்பினால் பங்கு விலை ஏறும், நம்பிக்கை போனால் இறங்கும்.

ஒப்பிட வேண்டுமென்றால் மூன்றிலும் ஒரே போட்டி வேண்டும். அந்த வாரம் மூன்றிலும் இருந்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை அரையிறுதி, ஹபகத் அணிக்கும் மாயா அணிக்கும். ஹபகத்தில் நடுப்பாதை என்ற முக்கிய இடத்தில் ஆடுகிறவன் ஜான்ரெக்ஸ், ரொவீனாவின் தம்பி. அவள் அரை நிமிஷம் யோசித்தாள். தான் பந்தயம் கட்டவில்லை, பரிசோதனைதான் செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாகவே இருந்தது.

எப்போதும்போல இரண்டு பக்கமும் வாங்கினாள், ஹபகத்துக்கு முந்நூறு பெசோ, மாயாவுக்கு முந்நூறு பெசோ. எவன் ஜெயித்தாலும் பணம் வந்துசேர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்துவிடலாம் அல்லவா. ஹூலா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரியாதையாக இருந்தது. திம்பங் அடையாள அட்டையை முகத்தோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னது, இடது பக்கம் திரும்பச் சொன்னது, கண்ணைச் சிமிட்டச் சொன்னது, பிறகு மூன்று நாள் பொறுக்கச் சொன்னது.

பாரோலின் வழக்கம் வேறு. இரண்டு பக்கமும் வாங்கினால் ஒன்றுக்கு ஒன்று கழித்துவிடும். ஹபகத் பங்கு எழுபத்தைந்து பெசோ, முந்நூறுக்கு நாலு வந்தது. மாயா பங்கு இருபத்தைந்து, முந்நூறுக்குப் பன்னிரண்டு வந்தது. நாலுக்கு நாலைக் கழித்து, ஜோடிக்கு நூறு என்று நானூறு பெசோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சம் எட்டு மாயா பங்கை பாரோல் அவள் பெயரில் நிறுத்தியது. யார் எதை வைத்திருக்கிறார்கள் என்பதை ஊர் முழுக்கப் பார்க்கலாம் என்பதும் பாரோலின் வழக்கம். ஒளிவுமறைவு இல்லாமை என்ற கட்டத்தில் ரொவீனா பத்துக்குப் பத்து போட்டாள்.

வியாழக்கிழமை காலை ஹபகத் ரசிகர்கள் குழுவில் ஒரு படம் வந்தது: ரொவீனா பங்கனிபான், மாயா, எட்டு. நடுப்பாதைக்காரனின் சொந்த அக்காவே எதிரணிக்குக் கட்டியிருக்கிறாள் என்று கீழே ஒருவன் எழுதியிருந்தான். மத்தியானத்துக்குள் ஹபகத்தின் விலை அறுபதுக்கு இறங்கியது. கோச் அர்னெல் அவளை அணி வீட்டுக்கு வரச்சொன்னார்.

கேஸோன் சிட்டியில் அணி வீடு. மேஜை மேல் ஒரு கைப்பேசி, அதற்குள் லீக் அதிகாரி மிஸ் அபுயோவின் குரல். எதிரே ஜான்ரெக்ஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மிஸ் அபுயோ விதியை வாசித்தார். ஆட்டக்காரனின் வீட்டார் யாராவது அவன் ஆடும் போட்டியில் பங்கு வைத்திருந்தால் அந்தப் போட்டியில் அவன் ஆடாமல் வெளியே உட்கார வேண்டும். ஜான்ரெக்ஸ் பதினேழு வயதில் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்தில் நாலாம் பக்கத்தில் இருக்கிறதாம். கீழே காப்பாளராகக் கையெழுத்துப் போட்டவள் ரொவீனா. ஊருக்கெல்லாம் நாற்பது பக்கம் படிப்பவள், அந்த ஆறு பக்கத்தைப் படிக்கவில்லை.

அவள் தன் அட்டவணையைக் காட்டினாள். இரண்டு பக்கமும் வாங்கியதை, பாரோல் கழித்ததை, எல்லாவற்றையும் விளக்கினாள். கோச் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, முந்நூறுக்கு முந்நூறு வாங்கினா சமமாயிடுமா? எண்ணிக்கையைப் பாத்துல்ல வாங்கணும்."

"தெரியும் கோச்."

"தெரிஞ்சுமா வாங்கின?"

"இப்பத்தான் தெரியும்."

எட்டையும் விற்றுவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், விற்பதையும் ஊர் பார்க்கும், மாட்டிக்கொண்டதும் விற்றாள் என்பார்கள், என்றார் மிஸ் அபுயோ. இனி கேள்வி ஒன்றுதான், இவள் இவனுக்கு வீட்டாரா இல்லையா? லீக் கணக்கில் வீட்டார் என்றால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்.

ரொவீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாலு வருஷமா அவன் இங்கதாங்க இருக்கான். எங்க வீட்டுக்கு அவன் அழுக்குத்துணி மட்டும்தான் வருது."

"தம்பி, நீங்க சொல்லுங்க," என்றார் மிஸ் அபுயோ.

ஜான்ரெக்ஸ் வாயில் இருந்ததை விழுங்கினான். "ஞாயித்துக்கிழமை அங்கதான் சாப்பிடுவேன்."

"எப்பவாவதா?"

மேஜைக்கு அடியில் ரொவீனா அவன் காலை மிதித்தாள்.

"அக்கா, கால்," என்றான் அவன். பிறகு கைப்பேசியைப் பார்த்து, "எல்லா ஞாயிறும்," என்றான்.

கோச் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மிஸ் அபுயோ எழுதுகிற சத்தம் கேட்டது.

வாசல்வரை அவளை விடவந்தான். ஜீப்னி வண்டிக்காக நிற்கும்போது அவள் கேட்டாள். "ஏன்டா, அரையிறுதி. இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிருப்ப?"

"சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சாப்பிட வர்றது?"

ஜீப்னி வந்தது.

சனிக்கிழமை நடுப்பாதையில் மாற்று ஆட்டக்காரன் ஆடினான். நல்ல பையன், முதல் ஆட்டத்தை ஜெயித்தும் கொடுத்தான். அடுத்த மூன்றையும் மாயா எடுத்துக்கொண்டது. ஜான்ரெக்ஸ் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதைக் கேமரா இரண்டு தடவை காட்டியது. ரொவீனா வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது நிமிஷம் பாரோலிலிருந்து எண்ணூறு பெசோ வந்து விழுந்தது. ஹூலாவுக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. திம்பங் இன்னொரு தடவை கண் சிமிட்டச் சொன்னது. வந்த பணமெல்லாம் டிண்டோ சாருடையது, நிமிஷங்கள் மட்டும் அவளுடையவை. எழுதி முடித்து, தன் பங்கு விஷயத்தையும் அடியில் நாலு வரி சேர்த்து, டிண்டோ சாருக்கு அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை துணிமூட்டையோடு ஜான்ரெக்ஸ் வந்தான். மூட்டை வழக்கத்தைவிடச் சின்னது, ஆடாதவனுக்குச் சட்டை அழுக்காகவில்லை. சினிகாங் மீன் சாற்றில் இன்னும் கொஞ்சம் புளிப்பு இருக்கலாம் என்றான். இருக்கிறதைத் தின்னு என்றாள். சாப்பிட்டுக்கொண்டே அவள் கட்டுரையைக் கைப்பேசியில் கடைசிவரை படித்தான்.

"பாரோலுக்கா மொத எடம்?"

"ஒம்போது நிமிஷம்டா. வேற யாருக்குக் குடுக்கறது?"

"அது சரி." மீனில் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். "ஒளிவுமறைவு இல்லாததுக்குப் பத்துக்குப் பத்தா?"

"ஊருக்கே தெரிஞ்சுதே. இதுக்கு மேல என்ன வேணும்?"

"எட்டு வாங்கினது ஊருக்குத் தெரிஞ்சுது. எனக்கும் ஒரு முந்நூறு போட்டிருந்தியே, அது யாருக்குத் தெரிஞ்சுது?"

ரொவீனா எழுந்தாள். சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, பத்தை அழித்து ஏழு என்று போட்டு, டிண்டோ சாருக்கு மறுபடி அனுப்பினாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, வெள்ளையைத் தனியாகப் பிரிக்க உட்கார்ந்தாள்.