ஆஃப்ஷீன் கேட்ட இரண்டு முடிவுகள்

1.
இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. என் தங்கை ஆஃப்ஷீன் கேட்டாள். போன வருஷம், வேங்கிக்கால் வீட்டில், ஓர் ஆஸ்பத்திரியின் ஒப்புதல் படிவத்தை என் முன்னால் போட்டாள். ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து, அவள் ஈரலுக்குள் செலுத்துவார்களாம். இன்னும் பரிசோதனையில் இருக்கும் சிகிச்சை.

"பாய்ஜான், நீதான் கதை எழுதறியே. கையெழுத்து போட்டா ஒரு முடிவு, போடலன்னா ஒரு முடிவு. ரெண்டும் எழுதிக் குடு. படிச்சுட்டு சொல்றேன்."

2.
முதல் தொடக்கம்: (ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டில் ஒரு செல் மெல்லக் கண்விழித்—)

அடித்துவிட்டேன். செல்லுக்கு ஏது கண்?

இரண்டாவது: (மலையைச் சுற்றி லட்சம் பேர் நடந்த பௌர்ணமியன்று—)

வேண்டாம். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பௌர்ணமியில்தான் தொடங்குகிறார்கள்.

மூன்றாவது, நடந்தது. அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினொன்று. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. அவளுடைய இன்சுலின் குப்பி, தேரடித் தெருவில் கோதண்டராமன் மாமாவின் கூல்டிரிங்ஸ் கடையில், ரோஸ்மில்க் பாட்டில்களுக்கு நடுவே இருக்கும். 'பாப்பா மருந்து, தொடாதீங்க' என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். காலையிலும் மாலையிலும் சைக்கிளில் டபுள்ஸ் போவோம். கடைக்குப் பின்னால் நின்று அவளே தொடையில் குத்திக்கொள்வாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். "ஆச்சு, திற" என்பாள். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும்

(இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது. அப்படியே இருக்கட்டும்.)

3.
ஒரு சந்தேகம். இவளை நான் அளவுக்கு மீறித் தைரியசாலியாக்குகிறேனோ?

முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். வரவர உடம்பு அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அப்படித்தான் ஒருநாள் அடி அண்ணாமலை அருகே மயங்கி ஸ்கூட்டரோடு விழுந்தாள். பின்னால் இருந்த மகள் நூரைனுக்கு முழங்கையில் நாலு தையல். அதற்குப் பிறகுதான் அந்தப் படிவம்.

ஆனால் புதுச் செல்களை உடம்பு அழித்துவிடாமலிருக்க, நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்க வேண்டும். சாதாரணக் காய்ச்சல்கூட ஆபத்தாகலாம். அவளோ ஒன்றாம் வகுப்பு டீச்சர். எந்நேரமும் பத்துப் பிள்ளைகளுக்காவது மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

4.
(முடிவு ஒன்று: அவள் ஊசியில்லாமல் பிரியாணி சாப்பிடுகிறாள்.)

(முடிவு இரண்டு: மாத்திரையில்லாமல், பயமில்லாமல் பாடம் நடத்துகிறாள்.)

இரண்டையும் படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டுலயும் நான் சிரிச்சுக்கினே இருக்கேன். எனக்கு பயமா இருக்குன்னு எங்கயும் எழுதலியே?"

"பயமா இருக்கா?"

"ஜாஸ்தி. சின்ன வயசுலருந்தே."

இருபத்தைந்து வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. அவள் அழுதாள். வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நூரைன் ஒரு தடவ விழுந்தது போதும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

5.
செல்களைச் செலுத்திப் பதினோரு மாதம் ஆகிறது. ஊசியின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நேற்று டாக்டர், "இனி வேணாம், நிறுத்திடலாம்" என்றார். மாஸ்க் போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறாள். இரண்டு முறை காய்ச்சலில் படுத்து எழுந்தாள். அந்தச் செல்கள் எத்தனை வருஷம் தாங்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறாள். நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிவுதான் வரமாட்டேங்குது."

"இரு, அவசரப்படாத. நான் இன்னும் சாப்ட்டு முடிக்கல."