வானம் பார்த்த ஃபிளெக்ஸ்

சவுரியம்மாள் அடைவைத்துவிட்டுப் போன முட்டைகள், அவளை அடக்கம் செய்த வாரத்தில் பொரிந்தன. அவள் கடைசியாகத் தொட்ட காரியம் அது. அதனால் இந்தக் குஞ்சுகளை எப்படியும் வளர்த்து ஆளாக்கிவிடுவது என்று ஞானமுத்து முடிவெடுத்தார். அவர் முடிவெடுத்தால் அது லேசுப்பட்ட முடிவாக இருக்காது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். பல் தேய்ப்பதைக்கூடத் திட்டம் போட்டு, மேற்பார்வை பார்த்து, நிறைவேற்றுகிறவர்.

பருந்துக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. தோல் பதனிடுகிற டேனரிக்குப் பின்னால் கொட்டுகிற ஜவ்வுக்கும் கொழுப்புக்கும் வந்து பழகிய பருந்து அது. அங்கே கிடைக்காத நாளில் இவர் கொல்லைக்கு வந்தது. ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து வந்து இன்னொன்று.

சவுரியம்மாள் இருந்தவரை இப்படி நடந்ததில்லை. கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே வானத்தைப் பார்த்துக் கத்துவாள். கோழிகள் துவைக்கிற கல்லுக்கடியில் ஓடி ஒளியும். ஞானமுத்து ஜன்னலைச் சாத்துவார். "மேனேஜர் வீட்டுப் பொம்பள இப்படியா தெருவே கேக்குற மாதிரி கத்துறது?" என்பார். "அப்ப நீங்க வந்து கௌரவமா கத்துங்க," என்பாள் அவள். என்ன கத்துகிறாள் என்று அவர் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

பருந்தை மிரட்ட, ஞானமுத்து தன்னுடைய பணி நிறைவுப் பாராட்டு விழா சிடிகளைக் கயிற்றில் கோத்துக் கட்டினார். வெயிலில் மினுமினுத்தன. பருந்து அந்த வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்து மூன்றாவது குஞ்சை எடுத்தது.

அப்போதுதான் ஃபிளெக்ஸ் ஞாபகம் வந்தது. முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி. ஒரு பக்கம் சவுரியம்மாள். அவளுக்கு வாய்க்காத தங்கச் சங்கிலி ஒன்றைக் கம்ப்யூட்டர்காரப் பையன் கழுத்தில் போட்டுவிட்டிருந்தான். இன்னொரு பக்கம் கைகட்டி நிற்கும் ஞானமுத்து, செத்தவளைவிட ஒரு சுற்றுப் பெரியவராக, பெயருக்குப் பின்னால் பட்டங்களோடு. கொய்யா மரத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே அதைக் கூரையாக இழுத்துக் கட்டினார். படம் மேலே பார்க்கும்படி. செத்தவள் பரலோகத்தைத்தானே பார்க்க வேண்டும்.

கோழி என்ன ஆபீஸ் ஸ்டாஃபா, சொன்ன இடத்தில் உட்கார? குப்பையைக் கிளற வெயிலுக்குத்தான் போனது. பருந்து வந்து ஃபிளெக்ஸ் மேலேயே உட்கார்ந்தது. ஞானமுத்துவின் முகத்தை நகத்தால் கிழித்தது. பட்டங்களின் மேல் எச்சமிட்டது. சவுரியம்மாள் பக்கம் மட்டும் போகவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொல்லையில் குரல் கேட்டது.

"ஏய் மேனேஜரு! எங்கடா எறங்குற? போடா அந்தாண்ட!"

அப்பன்கூட அவரை டா போட்டதில்லை. எச்சில் கையோடு வெளியே ஓடினார். குஞ்சுகள் கல்லுக்கடியில் பத்திரமாக இருந்தன. பருந்து மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. ஃபிளெக்ஸ் மட்டும், அடங்காத மூச்சு மாதிரி, ஏறி இறங்கியது.

பக்கத்து வீட்டு எழிலரசி கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றியபடி ஷிஃப்ட் முடிந்து வந்தாள்.

"எழில், நீயாம்மா இப்ப கத்துன?"

"நான் இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்குறேன் சார். இன்னா கத்தல்?"

சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னார். எழிலரசி உதட்டைக் கடித்தாள்.

"அது அக்கா பருந்துக்கு வெச்ச பேரு சார்."

"மேனேஜர்னா?"

"மேலயே சுத்திக்கினு எல்லாத்தையும் பாக்குது, கீழ எறங்கி ஒரு வேல செய்யல, எறங்குனா எதையாவது தூக்கிக்கினு போய்டுது... அக்கா சொல்றது சார், நான் சொல்லல. தெருவுக்கே தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?" அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "சார், யாரு குரல்ல கேட்டீங்க?"

"டிவியா இருக்கும்," என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மத்தியானம் ஆனால் பஞ்சாரத்தைத் தூக்கிக் குஞ்சுகளை வெயிலில் விட்டுவிட்டு, கதவோரம் சத்தமில்லாமல் நிற்க ஆரம்பித்தார். பருந்து வரும். நிழல் கொல்லையில் வட்டம் போடும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் அவள் கத்த மாட்டாளே. கடைசி நொடியில் குரல் வரும், குஞ்சுகள் ஓடும், அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் அடைவைத்த குஞ்சுகளையே இரையாக வைத்து அவள் குரலைப் பிடிக்கிறோம் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

குரல் தேய்ந்துகொண்டே வந்தது. வேலூர் வெயில் மலிவு மையை விட்டுவைக்குமா? ஃபிளெக்ஸில் அவள் முகமும் வெளுத்துக்கொண்டே வந்தது. அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுபோனால் குரலும் உள்ளே வந்துவிடுமோ என்று யோசித்தார். பயமாகத்தான் இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

அன்றைக்குப் பருந்து ஒரு சுற்றுதான் சுற்றியது. நொண்டிக் குஞ்சு ஒன்று சுவரோரம் தனியாகக் கிளறிக்கொண்டிருந்தது. ஞானமுத்து காத்திருந்தார். பருந்து இறக்கையை மடக்கியது. குரல் வரவில்லை. "கத்துடி," என்றார் மெதுவாக. வரவில்லை. தாய்க்கோழி வானத்தைப் பார்க்கவில்லை, கதவோரம் நின்ற அவரைப் பார்த்தது.

"ஏய் மேனேஜரு! போடா! போடா அந்தாண்ட! உன் மூஞ்சில என் செருப்ப வெக்க!"

குஞ்சு தத்தித் தத்திக் கல்லுக்கடியில் பாய்ந்தது. பருந்து வெறுங்காலோடு மேலேறிப் போனது. வெற்றிலைக்கடை வரைக்கும் தெரு நின்று பார்த்தது. ஞானமுத்து கத்தியதில் மூச்சு வாங்கியபடி ஃபிளெக்ஸை எட்டிப் பார்த்தார். அவள் முகம் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளையில், அவளுக்கு வாய்க்காத சங்கிலி மட்டும் தொங்கியது.

காம்பவுண்டுக்கு மேலே எழிலரசியின் தலை தெரிந்தது. முகம் வெளிறியிருந்தது.

"சார்... இப்ப கத்துனது அக்காதானே?"

'நான்தான்' என்று சொல்ல ஞானமுத்து வாயைத் திறந்தார். எந்தக் குரல் வருமோ என்று பயந்து மூடிக்கொண்டார்.