இரண்டாம் ஜோடி இலை

ஜெயமணி விதைத்த ஜினியாப் பூச்செடி மூன்றாம் முறையும் முளைத்தது. மூன்றாம் முறையும் முதல் இரண்டு இலையோடு நின்றுவிட்டது. இலையின் விளிம்பு பழுத்து, காகிதம்போல் சுருண்டு, ஒரே வாரத்தில் பாத்தி பழையபடி வெறும் மண்ணாகிவிட்டது.

தீவுக் கரையோரம் பாம்பூஃப்ளாட்டில் அவள் வீட்டு மண் லேசுப்பட்டதல்ல. மழையில் பசைபோல் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். மழை விட்டால் கடப்பாரைக்கும் அசையாது. அதற்கெல்லாம் அவள் சளைக்கவில்லை. தென்னை நார்க்கழிவை நல்ல தண்ணீரில் அலசிக் கலந்தாள். மக்கிய சாணி போட்டாள். கட்டிகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே நுணுக்கினாள்.

அந்தச் சரிவான முற்றத்தில்தான் ஜூன் மாதம் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கணவன் நாகமுத்துவுக்கு ஒரே பேச்சு: வாசலிலிருந்து வேலி வரை சிமெண்ட் போட்டு மூடிவிட வேண்டும்.

"இந்த மழை முடியட்டும். பூ வந்துட்டா பாத்தியை விட்டுட்டு நடக்கிற இடம் மட்டும் போடுங்க. வரலைன்னா முழுசா மூடிக்கங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று கெடு கேட்டு வாங்கியிருந்தாள்.

கெடு முடிந்துவிட்டது. சிமெண்ட் மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் காத்திருந்தன. சனிக்கிழமை மிஸ்திரி வருகிறார். இன்று புதன். தங்கை மகள் கவிப்ரியா மெயின்லேண்டிலிருந்து கப்பலில் அனுப்பிய விதையில் பத்தொன்பது மிச்சம்.

"சுனாமில கடல் வந்து நின்ன மண்ணு, மணி. அந்த உப்பு எங்க போகும்? நீ பாவம், கல்லுல நார் உரிக்கிற" என்று சொல்லிவிட்டு நாகமுத்து எதிர்க்கரைச் சாத்தத்துக்கு வேலைக்குப் போகும் முதல் படகுக்குக் கிளம்பினான். கிண்டலாகச் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் புளி வாங்கப் படகு ஜெட்டி பக்கம் போனாள். உதுமான் பாய் கடையில் அவர் மனைவி சம்சாத் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, வீட்டுல கருவாட்டுக் கம்பெனி ஏதும் ஆரம்பிச்சிருக்கியளா?"

"ஏன் கேக்கிற?"

"வாரம் தவறாம அண்ணன் ரெண்டு கிலோ கல்லுப்பு வாங்கிட்டுப் போறாஹளே. ரெண்டே பேரு திங்கிற வீடு."

"அரே, உனக்கென்ன?" என்றார் உதுமான் பாய் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருந்தாலும் அக்கா, பி.பி. பாத்துக்குங்க. கம்மியாப் போடுங்க."

ஜெயமணி சிரித்துவிட்டுக் கிளம்பினாள். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சமையலுக்குப் பாக்கெட் தூளுப்புதான் வாங்குவாள். ஒரு பாக்கெட் இரண்டு மாதம் வரும்.

வீட்டுக்கு வந்து தேடினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டப்பா இருந்தது. பாதி வரை கல்லுப்பு, அள்ளிப் போட ஒரு சிரட்டை. வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். உள்ளங்கை அகல நத்தை ஓடுகள் குவியலாகக் கிடந்தன.

ஈரம் கண்டால் இந்த நத்தைகள் படையெடுக்கும். இங்கே எல்லார் வீட்டிலும் அதற்கு ஒரே மருந்து, உப்பு. இரண்டு வருடத்துக்கு முன் வாசற்படியில் ஒன்று உப்புப் பட்டு நுரைத்துத் துடித்ததைப் பார்த்து, அன்று முழுக்க அவளால் சாப்பிட முடியவில்லை. இனி இந்த வீட்டில் நத்தைக்கு உப்புப் போடக் கூடாது என்றாள். சரி என்றான் நாகமுத்து.

பாத்தியில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது. பின்பக்கம் துவைக்கிற கல்லருகே எடுத்ததையும் வைத்துப் பார்த்தாள். வெறும் மண் ருசி. சுனாமியில் கடல் அங்கேயும்தான் நின்றது. இருபது வருட மழை அதை எப்போதோ கழுவிக்கொண்டு போயிருந்தது.

கோபம் வந்தது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மூன்று விதைப்பிலும் ஒரு நாற்றைக்கூட நத்தை கடிக்கவில்லை. தன் கைராசி என்று எண்ணியிருந்தாள்.

சாயங்காலம் நாகமுத்து வந்ததும் டீயோடு ஒரு தட்டை வைத்தாள். அதில் இரண்டு சிட்டிகை மண்.

"ரெண்டையும் நக்கிப் பாருங்க."

"மூளை கலங்கிருச்சா உனக்கு?" என்றாலும் நக்கினான். "இது பாத்தி மண்ணு. உப்பு. அதான் காலையிலயே சொன்னேனே, சுனாமி..."

"மத்தது துவைக்கிற கல்லுக்கிட்ட எடுத்தது. சுனாமி அந்தப் பக்கம் மட்டும் லீவு போட்டுச்சா?"

இரண்டாவதையும் நாக்கில் வைத்தான். கண் தானாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது.

"பாய் சொல்லிட்டானா?"

"சம்சாத் சொன்னா. நமக்கு பி.பி. வந்துரும்னு பயப்படுறாங்க."

டம்ளரைக் கீழே வைத்தான். "வேலியோரம்தான் போட்டேன் மணி. மழைத் தண்ணி கீழ இறக்கியிருக்கும்னு தோணலை. முளைக்கிறப்ப நீ குத்தவெச்சுப் பாத்துட்டே இருப்ப. ஒரு நத்தை வந்தா எல்லாம் காலி. கையால எடுக்க எனக்கு அருவருப்பு."

அவனுடையது மடக்கினால் வலிக்கிற முழங்கால். தினமும் விடியலில், படகுக்கு முன்னால், அவளுக்குத் தெரியாமல் வேலியோரம் குனிந்திருக்கிறான்.

"சரி, பேச்சு பேச்சுதான்" என்றாள். "பூ வரலை. சனிக்கிழமை மிஸ்திரி வரட்டும்."

மிஸ்திரி வந்தார். வேலியிலிருந்து வாசல் வரை நூல் பிடித்தார். நாகமுத்து நூலை அவிழ்த்து ஒன்றரை அடி அகலத்துக்குக் குறுக்கிக் கட்டினான்.

"தாதா, சிர்ஃப் ரஸ்தா" என்றான், நடக்கிற பாதை மட்டும் போதுமென்று.

"அவுர் பாக்கி?" மீதி இடத்தை என்ன செய்வதென்று மிஸ்திரி கேட்டார்.

"பாக்கி மிட்டி. ரெஹ்னே தோ." மண் மண்ணாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஜெயமணி பக்கம் திரும்பாமலே மண்வெட்டியை எடுத்தான்.

பாத்தி மண்ணை ஒரு முழ ஆழம் வெட்டிச் சரிவுக்குக் கீழே கொட்டினான். துவைக்கிற கல்லருகே இருந்து வாளி வாளியாகப் புது மண் வந்தது. ஜெயமணி மறுபடி நார்க்கழிவை அலசினாள், கட்டியை நுணுக்கினாள், பத்தொன்பது விதையையும் ஊன்றினாள்.

பதினான்கு முளைத்தன. விடியலில் நாகமுத்து அவளுடைய பழைய சப்பாத்தி இடுக்கியால், முகத்தைச் சுளித்துக்கொண்டே, நத்தைகளைப் பொறுக்கி மூடி போட்ட வாளியில் போட்டான். படகுக்குப் போகிற வழியில் அது சம்சாத்தின் வாத்துகளுக்கு. "உப்பு யாவாரம் போச்சு, வாத்து கொழுத்துருச்சு" என்றாராம் உதுமான் பாய்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் அடுப்படியில் இருந்தபோது குரல் கேட்டது.

"மணி, இங்க வா."

வாளியை ஓரம் வைத்துவிட்டு அவன் பாத்தியருகே உட்கார்ந்திருந்தான். ஒரு நாற்றின் நடுவில், முதல் இரண்டு இலைக்குக் குறுக்காக, மயிர் முளைத்த சின்னஞ்சிறு இலைகள் இரண்டு. பக்கத்துச் செடியிலும். அதற்கடுத்ததிலும். எதிலும் விளிம்பு பழுக்கவில்லை.

ஜெட்டியில் படகு ஹாரன் அடித்தது.

"போயிரும்" என்றாள்.

"போகட்டும். அடுத்தது இருக்கு" என்று அவன் முழங்காலைப் பிடித்தபடி அடுத்த செடிக்கு நகர்ந்தான்.