பயம் தொலைத்த மீன்கள்

சோதனை முடியும்வரை ஒரு மீன்கூடச் சாகவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

ஆய்வுக்கூடம் சித்தப்பாவுடையது. தொட்டிகளைக் கவனித்து அறிக்கையில் கையெழுத்துப் போடுபவள் அவருடைய அண்ணன் மகள். தண்ணீரில் கலக்கும் நஞ்சைப் பற்றிப் பட்டம் வாங்கியவள்தான், ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவள் ‘மீன்காரி’. மனப்பதற்றத்துக்கு மாத்திரை செய்யும் தொழிற்சாலை ஒன்று தன் கழிவுநீரைச் சோதனைக்கு அனுப்பியிருந்தது. ‘பாதிப்பு இல்லை’ என்று அவள் எழுதிக் கொடுத்தால் அது ஆற்றுக்குப் போகும். ஆற்றுத் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது.

அறிக்கையை வாங்கத் தொழிற்சாலை மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார். கழிவுநீர்த் தொட்டியருகே அவர் குனிந்ததுமே குஞ்சு மீன்கள் மொத்தமும் அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றன. மனிதருக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தீங்களா, எங்க தண்ணில இருக்கிற மீன் என்னமா பழகுது!”

சித்தப்பாவும் கூடவே சிரித்து வைத்தார். மீன்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அது பாசம் இல்ல சார். இங்க பாருங்க.”

பக்கத்தில் நல்ல தண்ணீர்த் தொட்டி; அதிலும் அதே வகைக் குஞ்சுகள். அவள் மேலே கையை நீட்டினாள். நிழல் விழுந்ததுதான் தாமதம், அத்தனையும் சிட்டாய்ப் பறந்து கல்லுக்கடியில் ஒளிந்தன. கழிவுநீர்த் தொட்டியில் அதே நிழலுக்கு ஒன்றும் அசையவில்லை. அடுத்து, குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும் பெரிய மீன் ஒன்றைக் கண்ணாடிக் குடுவையோடு அதற்குள் இறக்கினாள். அது வாயைப் பிளந்து கண்ணாடியை முட்டியது. குஞ்சுகளோ வேடிக்கை பார்க்கும் கூட்டம்போல அந்த வாய்க்கு நேராகவே போய்க் குழுமின.

“குடுவை மட்டும் இல்லேன்னா இந்நேரம் ஒண்ணுகூட மிஞ்சாது.”

“ஆனா செத்துச்சா?” என்றார் மேலாளர். “சாகலல்ல? அப்ப பாதிப்பு இல்லேன்னு எழுதும்மா. எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க!”

சித்தப்பா அவளை ஓரங்கட்டினார். “இவங்க போயிட்டா கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். கொஞ்சம் வளைஞ்சு கொடும்மா. உங்கப்பா இருந்தா இதைத்தான் சொல்லுவார்.”

“எங்கப்பா இருந்தா உங்க காதைத் திருகியிருப்பார், சித்தப்பா.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குப் பயம்தான். யாராவது குரலை உயர்த்தினாலே கண் கலங்குகிறவள் அவள். இந்த வேலை போனால் வேறு வேலை தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் கோபம் பயத்தைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது. சாகாததெல்லாம் சௌக்கியமாக இருக்கிறது என்று எந்த மகராசன் முடிவு செய்தான்?

கணினி முன் உட்கார்ந்து, இருவர் காதிலும் விழும்படி படித்துக்கொண்டே தட்டினாள். “மீன்கள் சாகவில்லை. பயத்தை இழந்துவிட்டன. இந்த நீரை ஆற்றில் விடக் கூடாது.” கீழே தன் பெயரைச் சேர்த்து, ஆற்றைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கே நேராக அனுப்பிவிட்டாள். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேலாளருக்கு முகம் சிவந்தது. “யாரோட மோதுறேன்னு தெரியுதா? உனக்குப் பயமே கிடையாதா?”

மீன்காரி நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தாள்.

“உடம்பெல்லாம் நடுங்குது சார். நான்தான் இன்னும் உங்க தண்ணியைக் குடிக்கலையே!”