கோட்டுக்கையில் யாரும் மிதிக்கவில்லை

“பெயர் வேணும். சனிக்கிழமை கோட்டுக்கையைத் திறக்கலாம்னு யார் கையெழுத்துப் போடப்போறாங்க? அந்த ஆளோட பெயரை இப்பவே, இங்கயே சொல்லுங்க.”

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். காலையில் முட்டையைப் புரட்டிப் போட்டபடி அம்மா சொன்னாள். என் வண்டியில் வரும்போது அப்பா சொன்னார். “விலையைக் கேளு. பார்க்கிங்கைக் கேளு. கத்தணும்னா நல்லா கத்து. பெயரை மட்டும் கேக்காத ரெட்டா.” சரி என்று தலையாட்டினேன். அப்போது பொய் சொல்லவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

டிசம்பர் மாதம், வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. பனிச்சறுக்கு நடக்கும் டனவே மலையின் அடிவாரக் கூடத்தில் இருநூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அக்டோபரில் மலையை வாங்கிய டென்வர்க் கம்பெனி, ஊரோடு பேச வேண்டும் என்று தன் மேனேஜரை அனுப்பியிருந்தது. பெயர் டிரென்ட். தலையில் எங்கள் மலையின் பெயர் போட்ட தொப்பி. மடிப்புக்கூடக் கலையாத புதுத் தொப்பி.

முதல் அரை மணி நேரம் சண்டை முழுக்கக் குழம்புச் சட்டியைப் பற்றித்தான். டனவேயில் சனிக்கிழமை என்றால் ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலிருந்து மின்சாரச் சட்டி கொண்டுவந்து கூடத்துச் சுவரில் செருகிவிட்டுத்தான் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்குப் போகும். மதியம் இறங்கி வந்தால் பீன்ஸும் மான்கறியும் கொதித்துக்கொண்டிருக்கும். கம்பெனி வந்த முதல் வாரமே சுவரில் இருந்த பிளக்குகளை எல்லாம் டேப் போட்டு ஒட்டிவிட்டது. இனி சாப்பாடு அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

“பிளக்கை ஒட்டிட்டீங்க,” என்றார் மரக்கடை ஹார்லன். “மிச்ச டேப் இருந்தா என் வாயிலயும் ஒட்டிருங்க சார். உங்க சூப்பைக் குடிக்காம தப்பிச்சிக்கிறேன்.”

கூடம் சிரித்தது. டிரென்டும் சிரித்தான். அவனுக்குச் சிரிக்கத் தெரியும், குறித்துக்கொள்ளத் தெரியும், “நல்ல பாயிண்ட்” என்று சொல்லத் தெரியும். பார்க்கிங் கட்டணத்துக்கு வசவு வாங்கினான். வாரநாள் டிக்கெட்டை நிறுத்தியதற்கு வாங்கினான். எல்லாம் ஓய்ந்த பிறகு சட்டைப்பையிலிருந்து மிட்டாய் எடுப்பவன் போல ஒன்றை எடுத்து நீட்டினான்.

“ஒரு நல்ல செய்தியும் இருக்கு. இந்த வருஷம் நீங்க ஜனவரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கோட்டுக்கை இந்தச் சனிக்கிழமையே திறக்குது.”

அவ்வளவுதான். மேசையைத் தட்டினார்கள், பூட்ஸால் தரையை உதைத்தார்கள், ஹார்லன் விசிலடித்தார். ஒரு மணி நேரமாக அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிய ஊர், அந்த ஒரு வாக்கியத்தில் அவன் மடியில் விழுந்தது.

கோட்டுக்கை எங்கள் மலையின் செங்குத்தான இறக்கம். மேலே தோள் போல அகலம், கீழே மணிக்கட்டு போல இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுக்கம். நாற்பது டிகிரி சரிவு. இந்த ஊரில் ஸ்கீ பழகும் எந்தக் குழந்தையும் என்றைக்காவது அதில் இறங்குவேன் என்றுதான் பழகும். ஆனால் சும்மா இறங்க முடியாது. நவம்பரில் விழுகிற முதல் பனி அங்கே சீனி மாதிரி மாறிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாத மணிமணியான பனி. அதன்மேல் டிசம்பர் பனி கெட்டியாகப் படிந்தால், சீனிமேல் கண்ணாடிப் பலகை வைத்ததுபோல்தான். ஆள் ஏறினால் பலகை உடைந்து ஆளோடு இறங்கும்.

அதனால் நாங்கள் மிதிப்போம். நவம்பரில் எட்டு நாள். நாற்பது ஐம்பது பேர் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, ஸ்கீயைக் கழற்றிவிட்டு, வெறும் பூட்ஸோடு கோட்டுக்கையில் ஏறி இறங்குவோம். தொடைவரை புதையும். கால் தரையில் பட வேண்டும். பட்டால்தான் சீனி நொறுங்கி இறுகும். எட்டு நாளும் மிதித்தவருக்கு சீசன் பாஸ் இலவசம். ஜனவரியில் கோட்டுக்கை திறக்கும்போது மிதித்தவர்கள்தான் முதலில் இறங்குவார்கள். காசு கொடுத்து பாஸ் வாங்குபவனுக்கு எங்கள் ஊரில் கொஞ்சம் மரியாதை குறைவுதான்.

கம்பெனி மிதியை நிறுத்திவிட்டது. யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டு கேஸ் போட்டால்? நிறுத்தினால் ஊர் கொதிக்கும் என்று தெரிந்து, ஒரு வேலை செய்தது. போன வருஷம் மிதித்த எல்லோருக்கும் இந்த வருஷப் பாஸை மிதிக்காமலேயே வீட்டுக்கு அனுப்பிவைத்தது. உறைக்குள் நன்றிக் கடிதம் வேறு.

ஒருவர்கூடத் திருப்பி அனுப்பவில்லை. என் அம்மாவும்தான்.

இறக்கங்கள் பத்திரமா என்று பார்க்கிற மலை ரோந்தில் இருக்கிறேன். இது இரண்டாவது குளிர்காலம். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள். நான்கு வருஷம் மண்ணும் பாறையும் பனியும் படித்துவிட்டு, அப்பாவின் கீழேயே வேலைக்குச் சேர்ந்தேன். அவர் பெயர் வால்ட். ரோந்துத் தலைவர். இருபத்துமூன்று வருஷம் மிதியை நடத்தியவரும் அவர்தான்.

புதன்கிழமை, அதாவது கூட்டத்துக்கு முந்தின நாள், கோட்டுக்கையின் தோளில் குழி தோண்டினேன். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை அப்பா கையில். குழிச்சுவரில் மூன்றடி அகலத்துக்குப் பனியைத் தூணாக அறுத்து, அதன் ஓரத்தில் மண்வெட்டியை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முப்பதுக்கும் தாங்கினால் நல்லது. என் தூண் பன்னிரண்டாவது தட்டுக்கே விட்டுவிட்டது. உடைந்தது ஓரம் மட்டுமல்ல. மொத்தத் தூணும் மேசை இழுப்பறை திறந்த மாதிரி வழுக்கிவந்து என் முழங்காலில் இடித்தது. சுற்றிலும் பனிக்குள்ளிருந்து ‘வும்ப்’ என்று ஒரு சத்தம். யாரோ கீழே கதவைச் சாத்தியதுபோல. அண்ணாந்து பார்த்தேன். அப்பா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ரோந்தின் குழிப் புத்தகத்தில் பன்னிரண்டு என்று எழுதிவைத்தேன். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. கண்ணை மூடினால் இழுப்பறை திறந்தது.

அதனால்தான் கூட்டத்தில் எல்லோரும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து பெயரைக் கேட்டேன்.

தட்டல் நின்றது. டிரென்ட் என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். “பாதுகாப்பு விஷயத்துல எங்க டீம் எல்லாரும் சேர்ந்துதாங்க முடிவெடுக்கிறோம்.”

“டீம் கையெழுத்துப் போடாது. ஒரு ஆளுதான் போடணும். யாரு?”

“அடியே ரெட்டா,” என்று முன்வரிசையிலிருந்து பெர்னீஸ் திரும்பினாள். அறுபத்தெட்டு வயது, தபால் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவள். பதினான்கு வருஷமாகக் கோட்டுக்கையில் முதலில் இறங்குகிறவள். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. “நாலு வருஷம் படிச்சியே, நல்ல சேதி வந்தா உக்காந்து கேக்கணும்னு ஒருத்தரும் சொல்லித்தரலையா?”

“நீங்க மிதிச்சீங்களா பெர்னீஸ்?”

“என் முட்டி கம்பெனிக்கு நன்றிக் கடுதாசி போட்டிருக்கு.”

பெரிய சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

“ஹார்லன், நீங்க? உங்க பையன்? இந்தக் கூடத்துல யாராவது ஒருத்தர் இந்த நவம்பர்ல அங்க கால் வெச்சீங்களா? வெக்கலை. சனிக்கிழமை முதல்ல இறங்கப்போறது நீங்கதான். யார் சொல்லி இறங்குறீங்கன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?”

சமையலறைக் கதவருகே அம்மா நின்றிருந்தாள். கம்பெனி வந்தபிறகும் அங்கேதான் அவளுக்குச் சமையல் வேலை. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

பின்சுவரோரம் ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்து நின்றார். இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதிலிருந்து அவர் எழுவதற்கு நேரமாகும். கூடமே அதுவரை காத்திருந்தது.

“நான்தான்,” என்றார். “கையெழுத்து என்னோடது. வெடிகுண்டு போட்டு, பனி சரியுதான்னு பாத்துட்டுத் திறப்போம்.”

கைதட்டினார்கள். பெர்னீஸ் எழுந்து நின்றே தட்டினாள். அன்று நான் கேட்டவற்றிலேயே என்னை அதிகம் பயமுறுத்திய சத்தம் அதுதான். கம்பெனியை அவர்கள் நம்பவில்லை, டிரென்டின் தொப்பியை நம்பவில்லை. அப்பாவை நம்பினார்கள். கம்பெனிக்கும் வேண்டியது அது ஒன்றுதான்.

கூட்டம் கலைந்ததும் ரோந்து அறைக்குப் போனேன். அப்பா ஏற்கெனவே அங்கே இருந்தார். மேசைமேல் இறக்கத்தைத் திறக்கும் படிவம். அதில் இரண்டு இடம். ஒன்றில் குழியில் பனித்தூண் தாங்கிய தட்டுகளின் எண்ணிக்கையும் தோண்டியவர் பெயரும். இன்னொன்றில் தலைவர் கையெழுத்து.

“சந்தோஷமா?” என்றார்.

“நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன். வாயடைச்சு நிப்பீங்க, கூடம் புரிஞ்சுக்கும்னு நினைச்சேன்.”

“இருநூறு பேர் முன்னால என்னை வாயடைச்சு நிக்க வைக்கப் பாத்தியா?”

 அதுதான் உண்மை.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது இன்னும் மோசம். “ரெட்டா, இங்க பாரு. நாளைக்குக் காலையில இடது பக்கம், பாறை ஓரமா இன்னொரு குழி தோண்டு. அங்க பனி கெட்டியா இருக்கும். முப்பது வரும். அந்த நம்பரை எழுதிடுவோம். அது பொய்யில்ல.”

“பாறை ஓரத்துல எவன் இறங்குறான்?”

“பத்து குண்டு போடறேன். பதினஞ்சு போடறேன். அதுக்கும் அசையலைன்னா என்ன அர்த்தம்?”

“ஒரு அர்த்தமும் இல்ல. உங்களுக்கே தெரியும்.”

தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி இருக்கும் ஒரு மலையில் அப்படித்தான் நடந்தது. காலையில் குண்டு போட்டார்கள், அசையவில்லை, திறந்தார்கள். மதியம் வரை எண்பது பேர் இறங்கினார்கள். அதற்கடுத்து இறங்கிய மூன்று பேரோடு இறக்கமே இறங்கியது. புதைந்தவர்களைத் தோண்டியெடுக்க ஆள் வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். மறுநாள் திரும்பி வந்தவர், வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

“பிப்ரவரி பதினொண்ணு,” என்றார் அப்பா. “அன்னிக்கு எனக்கு ஆபரேஷன். கம்பெனி இன்சூரன்ஸ்ல. வருஷா வருஷம் ஒப்பந்தம், புடிக்கலைன்னா அன்னிக்கே அனுப்பிடுவான். உங்கம்மா வேலையும் அவன்கிட்டதான். எனக்கு அறுபத்தொரு வயசு. படியிறங்க முடியல ரெட்டா. நான் என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு.”

  படித்தால் பதில் வரும் என்று சொல்லித்தான் என்னைப் படிக்க அனுப்பினார்கள்.

“கையெழுத்துப் போடாதீங்கன்னுதான் சொல்லுவேன்.”

“நான் போடலைன்னா டென்வர்லேருந்து வேற ஆளைக் கூட்டிட்டு வந்து போடுவான். நீ தோண்டலைன்னா வேற ஆள் தோண்டுவான். சனிக்கிழமை எப்படியும் திறக்கும். அப்ப நாம ரெண்டு பேரும் வேலையில்லாம வெளியில நின்னு பாத்துட்டு இருப்போம். நான் உள்ள இருந்தாலாவது எதாவது கோளாறுன்னா உடனே மூடலாம்.”

இதை அவர் நம்பிச் சொன்னாரா என்று தெரியவில்லை. பேனாவை எடுத்தார். எழுதும்போது முகத்தைப் படிவத்தின் பக்கம் நன்றாகக் குனிந்துகொண்டார், நான் பார்க்கக் கூடாது என்பதுபோல. கையெழுத்து ஒழுங்காகவே விழுந்தது. என் பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

“நாளைக்குக் காலையில போட்டுக்கலாம்,” என்றார்.

கம்பெனி வாங்கியது லிஃப்டை, கூடத்தை, பார்க்கிங்கை, பெயரை. மலையை வாங்கவில்லை. மலை அரசாங்கக் காடு, கம்பெனிக்குக் குத்தகைதான். வனத்துறை ரேஞ்சர் ஒருத்தி ஊருக்குள் ஆபீஸ் வைத்திருக்கிறாள். பனி ஆபத்து என்று எழுத்தில் போனால், தானே வந்து தோண்டிப் பார்க்காமல் அவள் திறக்க விடமாட்டாள். இது அப்பாவுக்கும் தெரியும். இருபத்துமூன்று வருஷத்தில் டனவே ஆள் ஒருவர்கூட மலை விஷயத்தை அந்த ஆபீசுக்குக் கொண்டுபோனதில்லை.

“ரேஞ்சர் ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க,” என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலரை.

“போனேன்னா திரும்பி இந்த அறைக்குள்ள வர முடியாது.”

“தெரியும்.”

“யார் சொல்லிக்கொடுத்ததுன்னு டிரென்ட் தேட மாட்டான். நேரா என்கிட்டதான் வருவான்.”

“தெரியும்ப்பா.”

“பிப்ரவரி,” என்றார். 

“தெரியும்,” என்றேன் மூன்றாவது தடவையாக.  “நீங்களும் வாங்க. நீங்க கயிறு புடிச்சதைச் சொல்லுங்க. அது போதும். கையெழுத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வாங்க.”

அவர் பேனாவை மூடினார். மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார், அது திருகுமூடி இல்லை.

கதவு தட்டாமல் திறந்தது. பெர்னீஸ். கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். “வால்ட், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரிசை போடலாம்? ஆறரைக்கு வந்தா போதுமா? எனக்கு முன்னால ஹார்லன் நின்னான்னா கொலைதான் விழும், ஆமா.” எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பைக் குறைத்தாள். “என்னாச்சு? அப்பனும் மகளும் இன்னும் சண்டைதானா?”

 அப்பா ஆறரைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் வந்திருந்தால் நின்றிருப்பேன்.

வரவில்லை.

ரேடியோவை இடுப்பிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். ரோந்தின் சிவப்பு ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். என் ஸ்கீயைத் தேட வேண்டியிருக்கவில்லை. கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே அதை நான் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தேன். பூட்ஸையும் அலமாரியில் இருந்த சாமான்களையும்கூட. ஏற்றும்போது ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

“வழி விடுங்க பெர்னீஸ்,” என்றேன்.

அவள் ஒதுங்கினாள். நான் குழிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.