காற்று வரும் வழி

அக்காவுக்குத் தலைவலி காலையில்தான் வரும். எட்டரை மணிக்குக் குளித்துவிட்டு வரும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டு வருவாள். கட்டிலில் சாய்ந்தால் ஒன்பதே கால் வரை எழ மாட்டாள். அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் விட்டுவிடும்.

அவளுக்கு ஏழாம் மாதம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குழந்தை நான்காம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அதனால் ஒவ்வொரு வலிக்கும் எல்லோரும் பயந்தோம். பயத்தை வெளியே காட்டாமல் மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

“வெறும் வயித்துல குளிக்காதடின்னா கேக்குறாளா?” என்பாள் அம்மா.

“எல்லாம் அந்த போன். ராத்திரி அதைப் பார்க்காம இருந்தா பாதி சரியாயிடும்” என்பார் அத்தான்.

“வயித்துல இருக்கறது உங்க பிள்ளையாச்சே, தலைவலி வராம என்ன செய்யும்?” என்பாள் அக்கா.

ஒரு மாலை டாக்டரிடம் போனோம். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. ரத்தத்திலும் குறையில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

தங்கையான நான் எந்தக் காரணமும் சொல்லவில்லை. இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தேன். அந்த வீட்டில் நான் பேசிய வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம் என்று அத்தான் கேலி செய்வார். அக்காவுக்கு உதவியாக இருப்பதுதான் என் வேலை. சிம்னியைக் கழற்றியதும் அதனால்தான்.

அடுப்புக்கு மேலே இருந்த அந்த சிம்னி, வீடு வாங்கியபோதே சுவரில் இருந்தது. சத்தம் போடும், புகையை இழுக்காது. “நம்ம மேனேஜர் மாதிரி” என்று அத்தான் சொல்லுவார். எண்ணெய் காயும் வாசனை வந்தாலே அக்காவுக்குக் குமட்டியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். அலமாரியின் அடியில் சிம்னியோடு வந்த புத்தகம் கிடைத்தது. இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெயின் சுவிட்சை அணைத்தேன்.

முன்னால் இரண்டு வலைகள். அலுமினியக் கம்பியை அடுக்கடுக்காக வைத்துச் செய்தவை. அவற்றுக்குக் கீழே சொட்டும் எண்ணெயைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம், விளிம்பு வரை நிறைந்திருந்தது. வலைகளைச் சோப்புத் தூளும் சோடா உப்பும் கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். தண்ணீர் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தது. உள்ளே டப்பா வடிவத்தில் காற்றாடி, அதன் இதழ்களுக்கு நடுவே தார் போல எண்ணெய். மரக் கரண்டியின் காம்பால் ஒவ்வோர் இதழாகச் சுரண்டினேன். மோட்டாரில் ஈரம் படக்கூடாது என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தேன்.

குறை அங்கெல்லாம் இல்லை. காற்றாடியிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அதன் நுனியில் ஒரு தகட்டு மூடி. காற்று தள்ளும்போது திறக்கும், நின்றதும் தானாக மூடிக்கொள்ளும். அது பிசுக்கில் இறுகி ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றாடி இத்தனை வருடமும் மூடிய கதவை முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதை விடுவித்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி மூன்றாம் வேகத்தில் ஓடவிட்டு, ஒரு காகிதத்தை வலைக்குக் கீழே பிடித்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டது. அம்மா கை தட்டினாள்.

“பிசிக்ஸ் படிச்சது வீண் போகலைப்பா” என்றார் அத்தான்.

அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அன்று மாலையே அத்தானும் ஒரு வேலை செய்தார். பக்கத்துக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சிமெண்ட் தூசி வீட்டுக்குள் வந்து படிந்தது. அது அக்காவுக்கு ஆகாது என்று, நுரைப் பட்டை வாங்கி வந்து, எல்லா ஜன்னல்களின் ஓரத்திலும் பால்கனிக் கதவிலும் ஒட்டினார். அத்தான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். ஒரு நூல் இடைவெளி விடவில்லை.

தலைவலி மறுநாள் தொடங்கியது.

பதினாறாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா அடுப்பில் எதையோ பொரித்துக்கொண்டிருந்தாள். சிம்னி மூன்றில் ஓடியது. அக்கா குளிக்கப் போயிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் அலுவலகம் கிளம்பி வாசல் கதவைத் திறந்தார். கதவு அவர் கையை உதறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மாடிப்படியிலிருந்து காற்று விசிலடித்துக்கொண்டு வந்தது. நான் மடித்த துணிகள் கலைந்தன.

“பார்றா, எங்கிருந்து வருது இவ்வளவு தூசி!” அத்தான் குனிந்து கதவின் அடியைத் தடவினார். “இந்த இடுக்கை விட்டுட்டேன். சாயங்காலம் இதுக்கும் ஒரு பட்டை ஒட்டிடறேன்.”

எனக்குக் கை நின்றுவிட்டது.

சிம்னி காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல்களை ஒட்டியாகிவிட்டது. வாசல் கதவு சாத்தியிருந்தால் மிச்சம் ஒரே பெரிய ஓட்டைதான். குளியலறையில் கேஸ் கீஸர் இருக்கிறது. அதன் எரிந்த புகை ஒரு குழாய் வழியாக மேலே போய்ச் சுவருக்கு வெளியே சேர வேண்டும். சிம்னி அந்தக் குழாய் வழியாகத்தான் காற்றை இழுக்கும். அப்படி இழுத்தால் புகை வெளியே போகாது. குளியலறைக்குள்ளேயே இறங்கும்.

நான் ஆறு மணிக்கே குளித்துவிடுவேன், அப்போது அடுப்பு இல்லை. அத்தானுக்கு எந்தக் காலத்திலும் பச்சைத் தண்ணீர்தான். அம்மா சமையலை முடித்துவிட்டுத்தான் குளிப்பாள். சிம்னி ஓடும்போது குளிப்பது அக்கா ஒருத்தி. போன ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிட்டோம், அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அன்று அக்காவுக்குத் தலைவலி இல்லை.

“அத்தான்...” என்றேன். “கீஸர்...”

“என்னது, கீஸருக்கும் பட்டை ஒட்டணுமா? ஒட்டிட்டாப் போச்சு.” சிரித்துக்கொண்டே ஷூவை மாட்டினார்.

“இல்ல, புகை வந்து...”

“சாயங்காலம் சொல்லும்மா. பஸ் போயிடும்.”

கதவு சாத்திக்கொண்டது. விசில் நின்றது. நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணக்கு தப்பாக இருக்கலாம். குளித்துக்கொண்டிருப்பவளை வெளியே வா என்று சொல்லி, ஒன்றுமில்லை என்றால் என்ன செய்வது? எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அரை நிமிடம் இருக்கலாம். அந்த அரை நிமிடத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குளியலறைக் கதவைத் தட்டினேன். “அக்கா, தண்ணியை நிறுத்து. வெளியே வா.”

“ம்ம்.”

“இப்பவே வாக்கா.”

பதில் இல்லை. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கதவின் அடியில் கை வைத்தேன். வெதுவெதுப்பான காற்று உள்ளிருந்து என் விரல்களின் மேல் வந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். “அம்மா, சிம்னியை அணை! கேஸை மூடு! ஜன்னலைத் திற!”

“என்னடி ஆச்சு? எண்ணெய் காயுது...”

“அணைம்மா!”

சிம்னியின் சத்தம் நின்றது. அம்மா அடுப்புக்கும் கீஸருக்கும் பொதுவான சிலிண்டரை மூடிவிட்டு வந்து ஜன்னலோடு மல்லுக்கட்டினாள். பட்டை விடவில்லை. கத்தியால் கீறினாள். நான் தோளால் கதவை இடித்தேன். எனக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் அத்தான் பஸ்ஸுக்குப் போகவில்லை. கீழ்ப்படிக்கட்டிலேயே என் குரல் கேட்டதாம். யார் குரல் என்று தெரியாமல் ஓடிவந்திருக்கிறார். வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“கீஸர் புகை” என்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. இரண்டே இடியில் தாழ்ப்பாள் தெறித்தது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. “எழுந்திருக்கத்தான் பார்க்கறேன்” என்றாள், தூக்கத்தில் பேசுபவள் போல. “கால் வர மாட்டேங்குது.”

துண்டைச் சுற்றி, மூவருமாக அவளைப் படிக்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

*

ஆம்புலன்ஸிலேயே மாஸ்க் போட்டுவிட்டார்கள். மருத்துவமனையில் என்ன நடந்தது என்று நான்தான் சொன்னேன். கார்பன் மோனாக்சைடு என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். வயிற்றில் பட்டை கட்டி ஒரு மிஷினை ஓடவிட்டார்கள். முதலில் வெறும் இரைச்சல். நர்ஸ் வயிற்றின் மேல் மிஷினின் வட்டமான கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். அம்மா அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அத்தான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு குழந்தையின் துடிப்பு கிடைத்தது. வேகமாக, ஓடுபவனின் காலடி போல. திரையில் 146 என்று எழுந்தது.

“தலைவலி எத்தனை நாளா இருக்கு?” டாக்டரம்மா கேட்டார்.

“ஒரு பத்து நாள் இருக்கும்” என்றார் அத்தான்.

“ஒரு வாரம்தானேப்பா” என்றாள் அம்மா.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவர்களுக்கு நாள் நினைவில்லை.

“பதினாறு நாள்” என்றேன். “நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. ஒவ்வொரு நாளும் அந்தக் குளியலறைக்குள்ள பத்துப் பன்னிரண்டு நிமிஷம்.”

“அவ்வளவு சரியா எப்படிச் சொல்றீங்க?”

“அதுக்கு முந்தின நாள்தான் நான் சிம்னியைச் சுத்தம் பண்ணேன். அதுவரைக்கும் அது இழுக்கவே இல்ல. வெளி மூடி ஒட்டிக்கிட்டு இருந்தது. நான்தான் அதைத் திறந்துவிட்டேன்.”

நான் தரையைப் பார்த்தேன்.

“ஜன்னலை எல்லாம் அடைச்சது நான், டாக்டர்” என்றார் அத்தான். “காலையில இவ சொல்ல வந்தா. நான் நின்னு கேக்கல.”

டாக்டரம்மா அதையெல்லாம் எழுதவில்லை. பதினாறு என்ற எண்ணை மட்டும் எழுதினார். “அம்மா ரத்தத்துலேர்ந்து இது சீக்கிரம் போயிடும். குழந்தைகிட்டேர்ந்து மெதுவாத்தான் போகும். அதனால இவங்களுக்கு நல்லா இருக்குன்னு தோணினாலும் மாஸ்க்கை எடுக்கக் கூடாது. இப்போதைக்கு இதயம் நல்லா இருக்கு. மத்ததைப் பார்க்கலாம். இன்னும் பல தடவை பார்க்கணும்.”

“அப்போ குழந்தைக்கு ஒண்ணும்...” அம்மா தொடங்கினாள்.

“பார்க்கலாம்மா.”

ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொல்லி, என்னைக் கை காட்டினாள். அவர் ஒரு நொடி நின்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். 146. 151. 149. அக்கா கண்ணை மூடியிருந்தாள். உதடு பழைய நிறத்துக்கு வந்திருந்தது. 138. நான் எழுந்துவிட்டேன்.

“உக்காரும்மா” என்றார் நர்ஸ், சொட்டு மருந்தைச் சரிசெய்துகொண்டே. “அது ஏறும், இறங்கும். அப்படி இருந்தாத்தான் நல்லது. ஒரே எண்ல நின்னாத்தான் நாங்க ஓடி வருவோம்.”

உட்கார்ந்தேன். 144. 152.

அதற்குப் பிறகும் இரண்டு முறை எழுந்தேன்.